விளம்பரத்தில் தொடங்கும் மனக்குறை

சித்திரைப் புத்தாண்டும் தீபாவளியும் நெருங்கும்போது எமது பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களைத் தளபாடக் கடைகள் நிறைத்துவிடுவது வழக்கம். 'ஐம்பது சதவீதம் வரை விலைக்கழிவு', 'வட்டியில்லாத் தவணை', 'இலவச விநியோகம்', 'அசல் தேக்கு' என்ற நான்கு சொற்றொடர்களை நீக்கிவிட்டால் அவற்றில் எஞ்சுவது கடையின் பெயரும் தொலைபேசி இலக்கமும் மட்டுமே. நாடெங்கும் கிளைகளை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் இவ்வாறு விளம்பரம் செய்வதில் வியப்பில்லை. அவற்றிடம் களஞ்சியம் இருக்கிறது, லொறிகள் இருக்கின்றன, கடன் கொடுப்பதற்கு நிதிப் பிரிவும் இருக்கிறது. ஆனால், இரண்டு தச்சர்களையும் ஒரு பொலிஷ் வேலையாளரையும் வைத்துக்கொண்டு சிறு நகரமொன்றில் கடை நடத்துபவரும் அதே நான்கு சொற்றொடர்களைத் துண்டுப்பிரசுரத்தில் அச்சிட்டு வீடு வீடாக விநியோகிக்கிறாரே, அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

சிறிய தளபாடக் கடையில் வாடிக்கையாளருக்கு ஏற்படும் திருப்தியின் பெரும்பகுதி, எதைச் சொல்லி விற்பது என்று கடைக்காரர் முடிவு செய்யும் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பது எனது அபிப்பிராயம். கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பத்திரிகை அலுவலகத்தில் வாசகர் கடிதங்களைப் படித்து வந்தவன் என்ற முறையில் இதைக் கூறுகிறேன். தளபாடம் தொடர்பாக வந்த முறைப்பாடுகளில் 'கதிரை உடைந்துவிட்டது' என்று எழுதியோரைவிட 'சொன்னது ஒன்று, தந்தது வேறொன்று' என்று எழுதியோரே எனது நினைவில் அதிகம் நிற்கின்றனர். ரிச்சர்ட் ஒலிவர் என்ற அமெரிக்கச் சந்தைப்படுத்தல் அறிஞர் 1980ஆம் ஆண்டு வெளியான தமது ஆய்வுக் கட்டுரையில் இதற்கு ஒரு கோட்பாட்டு வடிவம் கொடுத்தார். வாங்குபவர் பொருளைத் தனியாக மதிப்பிடுவதில்லை, தாம் எதிர்பார்த்ததுடன் ஒப்பிட்டே மதிப்பிடுகிறார் என்பது அதன் சாராம்சம். எதிர்பார்ப்பை உருவாக்குபவர் யார்? விற்பவர்தானே.

அரிசியையோ சவர்க்காரத்தையோ பொறுத்தவரை இந்த எதிர்பார்ப்பு அவ்வளவு முக்கியமானதல்ல. பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் வேறு கடைக்குப் போய்விடலாம். கட்டிலும் அலுமாரியும் அப்படியல்ல. நடுத்தரக் குடும்பமொன்று அவற்றை வாழ்நாளில் இரண்டு அல்லது மூன்று தடவைகளே வாங்குகிறது. பொலிஷ் பூசிய பின்னர் உள்ளே இருப்பது என்ன மரம் என்பதைக் கண்ணால் கண்டறிவது பழகியவர்களுக்கே கடினம். குறை வெளிப்படுவதற்கும் காலம் எடுக்கும். ஈரம் உலராத மரம் அடுத்த கோடையில்தான் சுருங்கிப் பொருத்து விடும். உளு விழுந்திருப்பது, கட்டிலின் கீழே மாத்தூள் போன்று துகள் கொட்டத் தொடங்கும்போதுதான் தெரியவரும். ஆகவே, தளபாடம் வாங்குபவர் உண்மையில் மரத்தை வாங்குவதில்லை, கடைக்காரரின் வார்த்தையை நம்பிப் பணம் கொடுக்கிறார்.

அந்த வார்த்தைகளில் அதிகம் துன்புறுத்தப்பட்ட சொல் 'தேக்கு' என்பதாகும். தேக்கின் பெருமை அதன் வைரம் பாய்ந்த உட்பகுதியில் இருக்கிறது. வெளிறு எனப்படும் வெளுத்த புறப்பகுதிக்கு அந்த உறுதி கிடையாது. இளம் மரத்தை வெட்டினால் கிடைப்பதில் பெரும்பங்கு வெளிறுதான். அதில் செய்த அலுமாரியையும் தேக்கு என்று கூறலாம், பொய்யில்லை. முன்சட்டம் மட்டும் தேக்காகவும் பக்கமும் பின்புறமும் ஒட்டுப்பலகையாகவும் இருந்தாலும் தேக்கு அலுமாரி என்றே விற்கலாம். இறப்பர் மரத்துக்குச் சாயம் ஏற்றி மகோகனி என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். இதில் கவலைக்குரியது என்னவென்றால், இறப்பர் மரம் பழிக்கப்பட வேண்டியதே அல்ல. பால் வற்றிய மரங்களை எப்படியும் வெட்டத்தான் வேண்டும். அம்மரத்தில் மாப்பொருள் அதிகம் என்பதால் பூச்சியும் பூஞ்சணமும் இலகுவில் பற்றிக்கொள்ளும். அறுத்தவுடன் போரன் சேர்மங்களால் பதனிட்டு, சூளையில் உலர்த்தி எடுத்தால் வீட்டுக்குள் பாவிப்பதற்கு அது நல்ல மரம். இறப்பர் மரம் என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால், வாங்கியவர் பத்து ஆண்டுகளின் பின்னரும் 'கொடுத்த காசுக்கு மோசமில்லை' என்பார். மகோகனி என்று சொல்லி விற்ற அதே கதிரை, உண்மை தெரியவரும் அன்றே அவருக்குத் திருட்டுப் பொருளாகிவிடுகிறது. மரம் ஒன்றுதான், உழைப்பும் ஒன்றுதான், பெயர் மட்டுமே வேறு.

வடபகுதி வாசகர்களுக்கு இன்னொரு விடயமும் பரிச்சயமானதாக இருக்கும். 2009இல் யுத்தம் முடிவடைந்ததன் பின்னர், மொறட்டுவையில் செய்யப்பட்ட தளபாடங்கள் ஏ-9 பாதையூடாக லொறி லொறியாக வந்திறங்கின. மொறட்டுவை இந்நாட்டின் தச்சுத்தொழில் தலைநகரம் என்பதில் சந்தேகமில்லை. அங்கிருந்து பொருளை எடுத்து விற்பதில் எந்தக் குறையும் கிடையாது. ஆனால், அவற்றை எடுத்துவந்து 'எங்கள் பட்டறையில் முதிரையில் செய்தது' என்று விற்கும்போது, உள்ளூர்த் தச்சரின் பெயரும் கெடுகிறது, மொறட்டுவைக்காரருக்குக் கிடைக்க வேண்டிய பெயரும் கிடைக்காமல் போகிறது.

மரத்துக்கு அடுத்ததாகத் திகதி. எனது அனுபவத்தில் இதுவே கூடுதலான கண்ணீரை வரவழைத்த விடயம். கலியாணத்துக்கோ குடிபூரலுக்கோ நாள் குறித்த பின்னர்தான் நம்மவர்கள் தளபாடக் கடைக்குச் செல்கின்றனர். இரண்டு தச்சர்களால் ஒரு மாதத்தில் எத்தனை கட்டில்கள் செய்ய முடியும் என்பது கடைக்காரருக்கு நன்கு தெரியும். இருந்தும், எதிர்க் கடையில் 'பத்து நாளில் தருவோம்' என்று பலகை தொங்குவதால், இவரும் பத்து நாள் என்று கூறி முற்பணத்தை வாங்கிக்கொள்கிறார். மகளின் திருமணத்துக்கு முற்பணம் கட்டிய தந்தையொருவர், திருமணம் முடிந்து மூன்று வாரங்களின் பின்னரே கட்டில் வந்து சேர்ந்ததாக எழுதிய கடிதமொன்றை வாசித்திருக்கிறேன். கட்டிலில் எந்தக் குறையும் இல்லை என்றும் அவர் எழுதியிருந்தார். சம்பந்திகளின் முன்னிலையில் தலைகுனிந்து நின்ற அந்த மனிதருக்கு எவ்வளவு விலைக்கழிவு கொடுத்தாலும் திருப்தி வருமா? ஆறு வாரம் என்று முதல் நாளே கூறியிருந்தால் அவர் வேறு ஏற்பாடு செய்திருப்பார், அல்லது காத்திருந்திருப்பார்.

விலைக்கழிவைப் பற்றி அதிகம் கூறத் தேவையில்லை. கூட்டிக் குறைப்பது எல்லோருக்கும் தெரிந்த தந்திரம். சிறு நகரத்தில் அதற்கென்று தனியான ஆபத்து ஒன்று உண்டு. சென்ற மாதம் முழு விலைக்கு வாங்கியவர் அதே ஒழுங்கையில்தான் வசிக்கிறார். அதுவரை திருப்தியாக இருந்த அவரை ஒரே துண்டுப்பிரசுரத்தால் எதிரியாக்கிவிடலாம்.

இவற்றைக் கூறும்போது கடைக்காரர்கள் ஒரு பதிலை ஆயத்தமாக வைத்திருக்கின்றனர். 'நான் இறப்பர் மரம் என்று சொன்னால் அவர் பக்கத்துக் கடைக்குப் போய் அதே இறப்பரைத் தேக்கு என்று வாங்குவார். நான் உண்மை பேசி என்ன பயன்?' என்று கேட்கின்றனர். இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் பலகை, பசை, பொலிஷ் என அனைத்தும் விலையேறி, கையிலிருந்த முதலையும் இழந்து நின்றவர்கள் இவர்கள். ஒரு விற்பனை கைநழுவினால் தச்சருக்கு அந்த வாரச் சம்பளம் இல்லை.

இத்தகைய நெருக்கடி சுவீடனிலும் ஏற்பட்டதுண்டு. இன்று உலகெங்கும் கடைகளைக் கொண்டுள்ள ஐகியா நிறுவனம், இங்வார் காம்ப்ராட் என்ற இளைஞர் 1943இல் தொடங்கிய சிறு வியாபாரம். தபால்மூலம் தளபாடம் விற்று வந்த அவருக்கும் போட்டி நிறுவனமொன்றுக்கும் விலைப்போர் மூண்டது. ஒருவர் விலையைக் குறைக்க மற்றவர் மேலும் குறைக்க, பொருளின் தரம் வீழ்ந்து முறைப்பாடுகள் குவிந்தன. காம்ப்ராட் 1953இல் எல்ம்ஹுல்ட் என்ற ஊரில் காட்சியறையொன்றைத் திறந்தார். மலிவான பொருளையும் சற்று விலைகூடிய நல்ல பொருளையும் அருகருகே வைத்து, வாடிக்கையாளரே தொட்டுப் பார்த்துத் தெரிவு செய்ய விட்டார். நல்லதையே பலரும் தெரிவு செய்தனர். ஐகியாவின் இன்றைய பிரமாண்டம் நமது கடைகளுக்குப் பொருந்தாது. 1953இல் அவர் செய்தது, இரண்டு தச்சர்களை வைத்திருப்பவராலும் செய்யக்கூடியது. பொலிஷ் பூசாத கதிரையொன்றைக் கடை வாசலில் கவிழ்த்து வைத்து, 'இது இறப்பர், இது மகோகனி, தூக்கிப் பாருங்கள்' என்று கூறுவதற்கு என்ன செலவாகும்? பின்னால் பட்டறை இருப்பதுதான் சிறிய கடையின் பலம். கிளை நிறுவனத்தின் விற்பனையாளரால் தச்சரை அழைத்துக் காட்ட முடியாது.

நடப்பதோ நேர்மாறாக இருக்கிறது. பட்டறையைத் திரை போட்டு மறைத்துவிட்டு, வெளிநாட்டு இணையத்தளங்களிலிருந்து எடுத்த கட்டில்களின் படங்களை முகநூலில் இட்டு 'இதேபோல் செய்து தரப்படும்' என்று எழுதுகின்றனர். படத்தில் இருப்பது இயந்திரத்தில் வளைத்த பலகை, மென்மையான வெளிச்சம், விசாலமான அறை. வந்து சேர்வது பத்தடி அறையில் குழல் விளக்கின் கீழே நிற்கும் கட்டில். அதைச் செய்த தச்சர் நல்ல வேலைக்காரராக இருப்பார். ஆயினும் தாம் கண்டிராத படத்துடன் ஒப்பிடப்பட்டுத் தோற்றுப்போகிறார்.

சட்டம் இல்லாமலில்லை. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, விபரித்து விற்ற பொருள் அந்த விபரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் ஏமாற்று விற்பனை குறித்து முறையிடலாம். முறையிடச் செல்பவரின் கையில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. பெரும்பாலான பற்றுச்சீட்டுகளில் 'கட்டில் 1' என்ற சொல்லும் ஒரு தொகையும் மாத்திரமே காணப்படும். தேக்கு என்று வாயால் சொன்னதற்கு அத்தாட்சி எங்கே?

எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் பற்றுச்சீட்டில் மரத்தின் பெயர், பின்பலகை என்ன, ஒப்படைக்கும் திகதி ஆகிய மூன்றையும் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கிறார். திகதி தவறினால் முற்பணத்தைத் திருப்பித் தருவதாகவும் அதிலேயே எழுதியிருக்கிறார். அண்மையில் சந்தித்தபோது வியாபாரம் எப்படி என்று விசாரித்தேன். துண்டுப்பிரசுரம் அடிப்பதை நிறுத்திவிட்டதாகவும், பண்டிகைக் காலத்தில் முன்னரைவிடக் குறைவாகவே விற்பதாகவும், ஆனால் ஒரே வீட்டிலிருந்து அக்காவுக்குப் பின்னர் தங்கைக்கும் கட்டில் கேட்டு வருகிறார்கள் என்றும் கூறினார். இரண்டாவது கட்டிலுக்கு விலை பேசுவதற்கு யாரும் அதிக நேரம் எடுப்பதில்லையாம்.