பெறுபேறு வரும்வரை காத்திருக்காதீர்கள்

லிந்துலை, தலவாக்கலை உறவுகளே, உயர்தரம் எழுதிய பிள்ளை இருக்கும் வீட்டார் இதைக் கட்டாயம் வாசியுங்கள்.

"ரிசல்ட் வரட்டும், பிறகு பார்ப்போம்" என்பதுதான் எல்லா வீட்டிலும் பேச்சு. இந்த ஒரு பேச்சால் நம் பிள்ளைகள் ஒரு நல்ல வாய்ப்பை வருடா வருடம் தவறவிடுகிறார்கள்.

துருக்கி அரசாங்கம் 2012 முதல் 'துர்க்கியே புர்ஸ்லாரி' என்ற பெயரில் வெளிநாட்டு மாணவர்களுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கிறது. பல்கலைக்கழகக் கட்டணம், விடுதி, மாதக் கொடுப்பனவு, சுகாதாரக் காப்புறுதி, போக வர விமான டிக்கெட், முதல் வருடம் துருக்கி மொழிப் படிப்பு எல்லாம் அதில் அடங்கும். விண்ணப்பிக்க ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. முஸ்லிம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது பிழை, எல்லா மதத்தவரும் விண்ணப்பிக்கலாம்.

சிக்கல் நாட்காட்டியில்தான் இருக்கிறது. விண்ணப்பம் வழக்கமாக ஜனவரியில் திறந்து பெப்ரவரியில் மூடிவிடும். நம்முடைய 2024 உயர்தரப் பரீட்சை டிசம்பரில் முடிந்தது, பெறுபேறு வந்ததோ 2025 ஏப்ரல் இறுதியில். பட்டப்படிப்புக்கு வயது 21க்குக் குறைவாக இருக்க வேண்டும். இரண்டாம் தடவையும் எழுதி முடித்துவிட்டு யோசித்தால் வயது போய்விடும். ஆனால் அந்த வருடம் படிப்பை முடிக்கும் பிள்ளைகள் பெறுபேறு வருமுன்பே விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

என் பழைய மாணவி ஒருவர் அப்படித்தான் விண்ணப்பித்தார். அம்மா கொழுந்து பறிக்கிறவர். பிள்ளை இப்போது மத்தியதரைக் கடலோரம், அந்தல்யாவில் படிக்கிறார். முதல் வருடம் முழுக்க மொழிதான், அந்தப் பரீட்சையில் தேறுவதற்குள் அழுதே விட்டதாகச் சொன்னார். கொடுப்பனவு கைச்செலவுக்குச் சரி, வீட்டுக்கு அனுப்பப் போதாது. அங்கே பாலில்லாத தேநீரைச் சின்னக் கண்ணாடிக் கிளாஸில் நாள் முழுக்கக் குடிக்கிறார்களாம். "கொழுந்து எடுக்கிறவங்க பிள்ளை" என்று சொன்னால் ஆவலோடு விசாரிக்கிறார்களாம். அவர்கள் நாட்டிலும் ரிசே பக்கம் தேயிலை மலைகள்தானே.

"பொம்பளைப் பிள்ளையைத் தனியாக எப்படி அனுப்புவது?" என்கிறார்கள். இதே மலையிலிருந்து லெபனானுக்கும் சைப்பிரஸுக்கும் வீட்டு வேலைக்குத் தாய்மார் தனியாகத்தானே போனார்கள்? அவர்கள் உழைத்த காசில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. தாய் வேலைக்குப் போன அதே கடற்கரைக்கு மகள் படிக்கப் போவதில் என்ன குறை?

இன்னொன்று. சைப்பிரஸில் 'ஸ்டூடன்ட் விசா' என்று லட்சக்கணக்கில் கேட்கும் முகவர்களிடம் நகையை அடகு வைத்துக் கொடுக்குமுன் விசாரியுங்கள். வட சைப்பிரஸைத் தனி நாடாக ஏற்றிருப்பது துருக்கி மட்டும்தான். அங்குள்ள பட்டம் இங்கே செல்லுமா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேட்டுவிட்டே காசைக் கொடுங்கள்.

போட்டி கடுமை. விண்ணப்பித்த எல்லோருக்கும் கிடைக்காது. இங்கே பல்கலைக்கழகத்துக்கும் கல்வியியற் கல்லூரிக்கும் விண்ணப்பிப்பதை விட்டுவிடவும் வேண்டாம். ஆனால் விண்ணப்பிக்காத பிள்ளைக்கு நிச்சயம் கிடைக்காது.

பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்றால் இப்போதே திருத்துங்கள். தோட்டப் பிள்ளைகள் பலருக்கு இதுதான் பெரிய தடை. ஜனவரியில் சான்றிதழ்களோடு என்னிடம் வாருங்கள், சேர்ந்து நிரப்புவோம். தெரிந்த வீடுகளுக்கும் சொல்லுங்கள்.