குறிப்பெழுத இடமில்லாத கோப்பு
நண்பர் பார்க்கக் கொடுத்த ஒரு ஜேசன் கோப்பில் ‘கமென்ட்’ என்ற பெயரில் ஒரு போலிப் புலம் இருந்தது. அதன் மதிப்பாக, ‘இந்த எண்ணை மாற்றினால் பணம் செலுத்தும் பக்கம் நின்றுவிடும்’ என்று எச்சரிக்கை. ஜேசனில் குறிப்புக்கு இடமில்லாததால், மனிதருக்கு எழுதிய வரிக்குத் தரவு வேடம் கட்டித்தான் உள்ளே அனுப்ப முடிகிறது. ஜேசனை வகுத்த டக்ளஸ் கிராக்ஃபோர்ட் குறிப்புகளை வேண்டுமென்றேதான் நீக்கினார். அவற்றுக்குள் நிரலுக்கான கட்டளைகளை ஒளித்துவைக்கத் தொடங்கியிருந்தார்கள், விட்டிருந்தால் ஒருவர் கோப்பு இன்னொருவரிடம் ஓடாது. இரண்டு கணினிகள் பேசிக்கொள்ள அது சரியான கண்டிப்பு. எக்ஸ்எம்எல்லோடு மல்லுக்கட்டியவர்கள் இன்றும் அவரை வாழ்த்துவார்கள். ஆனால் ஜேசனையே நாம் அமைப்புக் கோப்பாகவும் ஆக்கிக்கொண்டோமே! என்பிஎம்மின் பேக்கேஜ் கோப்பில், ஒரு நூலகத்தின் பழைய பதிப்பை ஏன் விடாமல் பிடித்திருக்கிறோம் என்று அந்த வரிக்குப் பக்கத்தில் எழுத வழியில்லை. டைப்ஸ்கிரிப்டின் அமைப்புக் கோப்பில் எழுதலாம். பெயர் என்னவோ ஜேசன்தான், ஆனால் குறிப்போடு அதைச் சாதாரண ஜேசன் பாகுபடுத்தியிடம் கொடுத்தால் துப்பிவிடும். யாம்லுக்கு மாறிவிடு என்பார்கள். அங்கே குறிப்பு உண்டு, கூடவே நார்வே தொல்லையும் உண்டு: அந்த நாட்டின் ‘என்ஓ’ குறியீட்டை மேற்கோள் போடாமல் எழுதினால், யாம்ல் 1.1 விதிப்படி அது ‘பொய்’ என்ற மதிப்பாகிவிடும். 2009-இல் வந்த 1.2 இதைத் திருத்தியது. பைதான்காரர்களின் பையாம்ல் நூலகம் இன்னமும் பழைய விதியிலேயே நிற்கிறது. எனக்கு ஜேசனே போதும். மனிதர்கள் கைவைக்கும் கோப்புகளில் மட்டும் குறிப்புக்கான இரண்டு சாய்கோடுகளை அனுமதித்துவிடலாம்.