நாள்வழி இல்லாமல் பேரேடா?

கடைக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த நீள நோட்டு மட்டும் இன்னும் போகவில்லை. நம் மளிகைக் கடைகள் பலவற்றில் இன்று இதுதான் நிலைமை. பில் போடுவது கம்ப்யூட்டரில், கடன் பாக்கி எழுதுவது நோட்டில், குடோன் இருப்பு கணக்குப்பிள்ளையின் நினைவில். பணம் கொடுத்து வாங்கிய சாப்ட்வேர் முழுக் கடையையும் ஏன் தாங்குவதில்லை? மிஷின் சரியில்லை என்கிறார்கள் சிலர். பையன்களுக்குப் பழக்கம் போதாது என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமல்ல என்பது நம் கருத்து. அந்த சாப்ட்வேரை எழுதியவருக்கு, கடை எப்படி நடக்கிறது என்று யாரும் வரைந்து காட்டவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

சாப்ட்வேர் தொழிலில் இரண்டு வகைப் படங்கள் உண்டு. ஒன்று, வேலை எந்த வரிசையில், யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று காட்டும் படம். இதை 'பிசினஸ் பிராசஸ் மாடல்' என்பார்கள். நாம் 'நடைமுறைப் படம்' என்று வைத்துக்கொள்வோம். மற்றொன்று 'கிளாஸ் டயகிராம்'. கம்ப்யூட்டர் எவற்றையெல்லாம் நினைவில் வைக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் என்ன விவரம் இருக்க வேண்டும், ஒன்றுக்கொன்று என்ன தொடர்பு என்று காட்டுவது இது. கிளாஸ் டயகிராமை உள்ளடக்கிய யு.எம்.எல். என்ற வரைமுறை 1997ஆம் ஆண்டு ஏற்கப்பட்டது. நடைமுறைப் படத்துக்கான பி.பி.எம்.என். என்ற வரைமுறை 2004இல் வெளிவந்து, 2013இல் ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஆனது.

பெயர்களைக் கேட்டு மலைக்க வேண்டாம். நமக்கு இது புதிதே அல்ல. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது நாள்வழி. அதையே பெயர்வாரியாக, இனவாரியாகப் பிரித்து ஏற்றுவது பேரேடு. நடைமுறைப் படம் நாள்வழியைப் போன்றது. கிளாஸ் டயகிராம் பேரேட்டின் தலைப்புகளைப் போன்றது. நாள்வழியைப் பார்க்காமல் பேரேட்டுக்குத் தலைப்புப் போடும் கணக்குப்பிள்ளையை எந்த முதலாளியும் வைத்துக்கொள்ள மாட்டார். சாப்ட்வேர் விஷயத்தில் மட்டும் அதை அனுமதிக்கலாமா?

ஓர் உதாரணம் பார்ப்போம். 50 கிலோ துவரம் பருப்பு மூட்டை ஒன்று வருகிறது. பாதியைச் சில்லறையாக எடை போட்டு விற்கிறோம். மீதியை அரைக் கிலோ பாக்கெட்டாக அடைத்து, லேபிள் ஒட்டி விற்கிறோம். கடையைப் பார்க்காமல் சாப்ட்வேர் எழுதுபவர் 'பொருள்' என்று ஒரே கட்டம் போடுவார். அதற்குள் பெயர், விலை, வரி, இருப்பு என்று எழுதிவிடுவார். நடைமுறைப் படத்திலோ 'மூட்டை பிரித்தல்', 'பாக்கெட் போடுதல்' என்று இரண்டு படிகள் இருக்கும். அந்தப் படிகளைப் பார்த்தவுடனே கேள்விகள் எழும். 25 கிலோ பருப்பு பிரித்தால் 50 பாக்கெட் வர வேண்டும். 49தான் வந்தால் அந்த அரைக் கிலோவை எங்கே எழுதுவது? 18-7-2022 முதல், லேபிள் ஒட்டி அடைத்த 25 கிலோ வரையிலான பருப்புக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு; சில்லறையாக எடை போட்டால் வரி இல்லை. ஒரே பருப்புக்கு இரண்டு வரி எப்படி? ஆகவே பொருள் வேறு, சிப்பம் வேறு, எடைக் குறைவு வேறு என்று மூன்று கட்டங்கள் வேண்டும். வரி சிப்பத்தோடு சேர வேண்டும். இதைச் செய்யாத சாப்ட்வேரில் குடோன் இருப்பும் கம்ப்யூட்டர் இருப்பும் ஒருநாளும் ஒத்துப்போகாது.

அடுத்தது கடன் பாக்கி. வாடிக்கைக்காரர் மாதம் முழுவதும் பத்து முறை சரக்கு எடுக்கிறார். சம்பளம் வந்ததும் ரூ.3,000 கொடுத்துவிட்டு, 'மீதி அடுத்த மாதம்' என்கிறார். இதை வரைந்து பார்த்தால் ஒரு வரவு பல பில்களுக்குப் போகும், ஒரு பில் பல வரவுகளில் தீரும் என்பது விளங்கும். கிளாஸ் டயகிராமில் பில்லுக்கும் வரவுக்கும் இடையே போடும் கோட்டின் இரு முனையிலும் 'பல' என்று குறிக்க வேண்டிய இடம் இது. 'ஒரு பில்லுக்கு ஒரு வரவு' என்று எழுதிவிட்டால், கடைப் பையன் மறுநாளே நீள நோட்டைத் திரும்ப எடுத்துவிடுவான். அவனைக் குறை சொல்ல முடியாது.

மூன்றாவது வரி மாற்றம். 22-9-2025 அன்று குளியல் சோப்பு, பற்பசை, தலை எண்ணெய் ஆகியவற்றின் வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. அதற்கு முதல் நாள் போட்ட பில்லை இன்று எடுத்தாலும் அதில் 18தான் தெரிய வேண்டும். எனவே வரி விகிதம், அது அமலுக்கு வந்த தேதியோடு தனிக் கட்டமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பில் வரியிலும் அன்றைய விகிதம் பதிவாக வேண்டும். 'சரக்குத் திரும்ப வருதல்' என்ற படியை நடைமுறைப் படத்தில் வரைந்திருந்தால், இந்தத் தேவை முன்னமே கண்ணில் பட்டிருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நடைமுறைப் படத்தில் உள்ள ஒவ்வொரு படியையும் அப்படியே ஒரு கட்டமாக மாற்றிவிடக் கூடாது. நாள்வழியின் ஒவ்வொரு வரிக்கும் பேரேட்டில் தனிப் பக்கம் போடுகிறோமா என்ன? எடை போடுதல் ஒரு செயல். அது சிப்பத்தின் மேல் நடக்கும் வேலையாக எழுதப்படும். கைமாறும் சீட்டுகள், சரக்கு, ஆட்கள், பணம் ஆகியவையே பெரும்பாலும் கட்டங்களாகும். நடைமுறைப் படம் கேள்விகளை எழுப்பும். விடையைச் சாப்ட்வேர் எழுதுபவரும் கடைக்காரரும் உட்கார்ந்து பேசித்தான் காண வேண்டும்.

'நாம் வாங்குவது ரெடிமேட் சாப்ட்வேர்தானே, நமக்கு எதற்குப் படம்?' என்று சிலர் கேட்கலாம். ரெடிமேட் வாங்குபவருக்குத்தான் இது இன்னும் அவசியம். விற்க வருபவர் தமக்குச் சாதகமானதை மட்டுமே காட்டிவிட்டுப் போவார். நம் கையில் படம் இருந்தால், 'மூட்டை பிரித்துக் காட்டுங்கள், பாதிப் பணம் வரவு வைத்துக் காட்டுங்கள், பழைய பில் சரக்கைத் திரும்ப எடுத்துக் காட்டுங்கள்' என்று படிப்படியாகக் கேட்கலாம். காட்ட முடியாவிட்டால் முன்பணம் கொடுக்காமலே அனுப்பிவிடலாம்.

இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. ஒரு முழுத்தாள், ஒரு பென்சில், கடை அடைத்த பிறகு இரண்டு இரவுகள் போதும். முதலாளி, கணக்குப்பிள்ளை, குடோன் ஆள், கல்லாவில் இருப்பவர் நால்வரும் சேர்ந்து உட்கார வேண்டும். சரக்கு இறங்குவதிலிருந்து பணம் வருவது வரை வரைய வேண்டும். தவறிப்போகும் இடங்களை, அதாவது எடைக் குறைவு, திரும்பி வரும் சரக்கு, பாதிப் பணம் போன்றவற்றைக் கட்டாயம் வரைய வேண்டும். சாப்ட்வேர் சறுக்குவது அங்கேதான்.

மளிகைக்கு ஒன்று, தானிய மொத்த வியாபாரத்துக்கு ஒன்று, எண்ணெய்க்கு ஒன்று எனப் பொதுவான நடைமுறைப் படங்களை நம் சங்கமே தயாரித்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கலாம் என்பது நம் யோசனை. பெரிய அங்காடிகள் தங்கள் வழக்கத்துக்கு ஏற்பச் சாப்ட்வேர் எழுதிக்கொள்கின்றன. சிறு கடைக்காரர் மட்டும், யாரோ எழுதிய சாப்ட்வேருக்காகத் தம் வியாபார வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமா? வாடிக்கைக்காரருக்குக் கடன் கொடுப்பதும், கேட்ட அளவில் பிரித்துக் கொடுப்பதுமே நம் பலம். அந்தப் பலத்தைக் கம்ப்யூட்டரும் புரிந்துகொள்ளும்படி செய்வது நம் பொறுப்பு. வணிகப் பெருமக்கள் சிந்திப்பார்களாக!