வெட்டாத கத்திகள்

ஒருவரை ஏச வேண்டுமானால், 'கற்கால மனிதன்' என்று சொல்லிவிடுகிறோம். கல்லாயுதம் ஏந்தியவனுக்குக் கலை ஏது, கல்வி ஏது என்பது நமது எண்ணம். மத்திய அமெரிக்காவின் மாயர் என்னும் மக்கள் இந்த எண்ணத்தை அடியோடு பொய்யாக்கியிருக்கிறார்கள்.

கி.பி. 250 முதல் 900 வரை அவர்கள் உன்னத நிலையில் விளங்கினார்கள். அக்காலத்தில் அவர்களிடம் இரும்புக் கருவி கிடையாது. ஆயினும் பூஜ்யத்தை எண்ணாக வழங்கினார்கள். கிரகங்களின் சஞ்சாரத்தைக் கணித்தார்கள். வானளாவிய கோயில்களை எழுப்பினார்கள். அக்கோயில்களின் சிற்பங்களைச் செதுக்கியவை கல்லுளிகளே!

சக்கிமுக்கிக் கல்லும், எரிமலை கக்கிய கண்ணாடிக் கல்லும் மின்னல் விழுந்த இடத்தில் பிறந்தவை என்று மாயர் நம்பினர். ஆகவே அவை சமையற் கத்தியாகவும் உதவின. தெய்வத்துக்கு உரிய பொருளாகவும் விளங்கின. அரசகுலத்தார் கண்ணாடிக் கல்லின் கூரிய அலகினால் தம் உடலையே கீறி, இரத்தத்தைத் தெய்வங்களுக்குக் காணிக்கையாக்கினார்கள்.

இவற்றினும் விசித்திரமானவை, எதையும் வெட்டுவதற்கென்று செய்யப்படாத கற்கள். ஹொண்டுராஸ் நாட்டின் கோப்பான் நகரில், ஒரு கோயிலுக்குள்ளே முழுமையாகப் புதைந்து கிடந்த மற்றொரு கோயிலை 1989-ம் ஆண்டில் ரிக்கார்டோ அகுர்சியா என்னும் ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்தார். அதனுள்ளே 9 சக்கிமுக்கிக் கற்கள் வைக்கப்பட்டிருந்தன. இலைபோல் மெல்லிய அக்கற்களில் மனித முகங்கள் பக்கவாட்டில் தோன்றுகின்றன. நீலத் துணியில் சுற்றி வைத்ததன் அடையாளமும் காணப்பட்டது.

இந்த வேலையின் அருமையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். சக்கிமுக்கிக் கல்லைக் களிமண்போல் பிசைய இயலாது. சிறு சிறு சில்லாகத் தட்டித் தட்டியே உருவத்தை வெளிக் கொணர வேண்டும். மூக்கின் நுனியில் ஓர் அடி பிசகினாலும் அத்தனை நாள் உழைப்பும் பாழ்! இவ்வளவு பாடுபட்டுச் செய்ததைத் துணியில் பொதிந்து, மனிதர் கண்ணுக்கு எட்டாத இருளில் வைத்துவிட்டார்கள். புகழை நாடாமல் தெய்வத்துக்கென்றே செய்த வேலை அது.

1562-ம் ஆண்டில், மானி என்னும் ஊரில், டியேகோ தெ லாண்டா என்ற ஸ்பானியப் பாதிரியார் மாயரின் ஏடுகளைத் தீயிலிட்டார். ஏடுகள் சாம்பலாயின. மண்ணுக்குள் மறைந்திருந்த கற்களோ தப்பிப் பிழைத்து, அவற்றைச் செய்தவர்களின் பெருமையைப் பேசுகின்றன. அவர்களுடைய சந்ததியார் லட்சக்கணக்கில் இன்றும் மெக்ஸிகோவிலும் குவாதமாலாவிலும் தங்கள் மொழிகளைப் பேசி வாழ்கிறார்கள்.

இனி யாரேனும் நம்மைக் 'கற்கால மனிதன்' என்று ஏசினால், சற்று யோசித்த பிறகுதான் கோபித்துக்கொள்ள வேண்டும்!