பணப்பெட்டியும் வாக்குப்பெட்டியும்

நிதி சேகரிப்பு என்பது புலம்பெயர்ந்து வாழும் எமக்குப் புதிய சொல்லன்று. கோயிலுக்கென்றும், பழைய பாடசாலைக்கென்றும், தாயகத்தில் அல்லலுறும் உறவுகளுக்கென்றும் எம்மவர் வீட்டுக் கதவுகள் எத்தனையோ முறை தட்டப்பட்டிருக்கின்றன. உலகின் மிகப் பெரிய நிதி சேகரிப்புகளுள் ஒன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலை ஒட்டி நடைபெறுகிறது. அங்கும் கதவுகள் தட்டப்படுகின்றன. அதனைச் செல்வந்தர்களின் விளையாட்டென்று ஒதுக்கிவிடுவோர் எம்மிடையே பலர். அக்கருத்தில் உண்மை பாதியே உண்டு. மற்றப் பாதியை அறிந்துகொள்வது எமக்குப் பயன் தரும்.

பணமே வெற்றியைத் தருமெனில், 2020 இல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக மைக்கல் புளூம்பேர்க் தெரிவாகியிருக்க வேண்டும். சொந்தப் பணத்தில் ஒரு பில்லியன் டொலருக்கும் அதிகமாக அவர் செலவிட்டார். மார்ச் மாதத்தில் ஒரே நாளில் 14 மாநிலங்கள் வாக்களித்தபோது அவற்றுள் ஒன்றைத்தானும் அவரால் வெல்ல முடியவில்லை. அவருக்குக் கிடைத்தது அமெரிக்க சமோவா என்னும் சிறு தீவுப் பிரதேசம் மட்டுமே. 2024 இல் கமலா ஹாரிஸ் தரப்பு மூன்று மாதங்களுக்குள் ஒரு பில்லியன் டொலருக்கும் மேல் திரட்டியும் தோல்வியையே தழுவியது.

சாதாரண மக்களின் சிறு தொகைகளைத் திரட்டினால் மட்டும் போதுமா? அதுவும் போதாது. 2003 ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில் ஹவார்ட் டீன் ஏறத்தாழ 15 மில்லியன் டொலர் சேர்த்தார். அதிற் கணிசமான பகுதி இணையத்தின் வழியாக வந்த சிறு நன்கொடைகள். அயோவா மாநிலத்துக்கு ஆயிரக்கணக்கான தொண்டர்கள் செம்மஞ்சள் நிறத் தொப்பிகளுடன் வந்திறங்கினர். ஆயினும் 2004 ஜனவரியில் அவர் அங்கே மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். வெளியூரிலிருந்து வந்த தொண்டனின் சொல்லைவிட, அயலவரின் சொல்லுக்கே அவ்வூர் மக்கள் செவிசாய்ப்பர் என்பதை அத்தேர்தல் உணர்த்தியது.

நான்கு ஆண்டுகளின் பின் அதே மாநிலத்தில் பராக் ஒபாமா செய்தது வேறு. தொண்டர்களை ஊருக்குள்ளேயே தேடினார். பல மாதங்களுக்கு முன்னரே சிற்றூர்களிலும் பணிமனைகளைத் திறந்து, உள்ளூர் மக்களைப் பயிற்றுவித்து, அவர்களைத் தத்தம் அயலவர்களிடம் அனுப்பினார். அயோவாவில் வாக்காளர் மாலைவேளையில் பாடசாலைகளிலும் மண்டபங்களிலும் ஒன்றுகூடித் தமது வேட்பாளரைத் தெரிவு செய்வது அந்நாளைய வழக்கம். குளிர்காலத்து இரவில் மக்களை வீட்டிலிருந்து வெளியே அழைத்துவர விளம்பரத்தால் மட்டும் முடியாது. 2008 ஜனவரி 3 ஆம் திகதி, ஜனநாயகக் கட்சிக் கூட்டங்களுக்கு வந்தோரின் தொகை முன்னைய தேர்தலைவிட ஏறத்தாழ இருமடங்காகியது. ஒபாமா முதலிடம் பெற்றார்.

அடுத்த மாதம் 5 ஆம் திகதி நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் வாக்களித்த நியூ ஜேர்சியில் வென்ற ஹிலாரி கிளின்டன், ஒபாமாவைவிட 11 பேராளர்களை மேலதிகமாகப் பெற்றார். சுமார் 21,000 பேர் மட்டுமே கலந்துகொண்ட ஐடஹோவில் ஒபாமா பெற்ற மேலதிகமோ 12. எவரும் பொருட்படுத்தாத சிறு மாநிலத்திலும் பணிமனை திறந்து வைத்ததன் பலன் அது.

இங்கேதான் நிதியும் அமைப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அன்றைய சட்டப்படி கட்சித் தெரிவுக் கட்டத்தில் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு 2,300 டொலருக்கு மேல் வழங்க இயலாது. கிளின்டனின் பெரிய நன்கொடையாளர் பலர் அந்த எல்லையை முன்னரே தொட்டுவிட்டனர். அவர் தமது சொந்தப் பணத்தில் 5 மில்லியன் டொலரைப் பிரசாரத்துக்குக் கடனாக வழங்க நேர்ந்தது. ஒபாமாவுக்கும் பெரும் புள்ளிகள் கொடுத்தனர். ஆனால் 25 டொலர் கொடுத்தவரிடம் அடுத்த மாதமும் கேட்கலாம், தொண்டாற்றவும் அழைக்கலாம். சிறு தொகை கொடுப்பவர் பணத்தோடு தம்மையும் சேர்த்தே கொடுக்கிறார்.

இதன் இருண்ட பக்கத்தையும் மறைக்கலாகாது. 2010 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் பின், வேட்பாளரின் கணக்குக்கு வெளியே இயங்கும் குழுக்கள் வரம்பின்றிப் பணம் பெறலாயின. 2024 இல் எலோன் மஸ்க் என்னும் தனியொருவர் டொனால்ட் ட்ரம்பின் வெற்றிக்காக 250 மில்லியன் டொலருக்கும் அதிகமாகச் செலவிட்டார். கதவைத் தட்டும் பணியையே கூலிக்கு அமர்த்தவும் அப்பணம் பயன்பட்டது.

இத்தனை குறைகளுக்கிடையிலும் நாம் கற்கவேண்டிய ஒன்று அங்குண்டு. வேட்பாளருக்கு 200 டொலருக்கு மேல் வழங்குவோரின் பெயரும் தொழிலும், அப்பணம் செலவான விதமும் தேர்தல் ஆணைக்குழுவிடம் பதிவாகின்றன. எவரும் அதனைப் பார்வையிடலாம். குடியுரிமை பெறாதவராயினும், நிரந்தர வதிவிட உரிமை பெற்ற எம்மவர் அங்கே சட்டப்படி நன்கொடை வழங்கலாம். தாம் கொடுத்தது எங்கே போயிற்று என்றும் பார்க்கலாம்.

எமது சமூகத்தில் கொடுக்கும் கைகளுக்கு என்றும் பஞ்சமிருந்ததில்லை. 2004 டிசெம்பரில் ஆழிப்பேரலை தாயகக் கரைகளை அழித்தபோது, இரவுபகலாகத் தொழிற்சாலையிலும் உணவகத்திலும் உழைத்தவர்கள்கூட அள்ளிக் கொடுத்தனர். ஆனால் கணக்குக் கேட்பதைத் துரோகமென்றும், கணக்குக் காட்டுவதை அவமானமென்றும் கருதும் மனப்பாங்கு எம்மிடையே வேரூன்றியிருக்கிறது. கொடுத்தவர் பங்காளராக மதிக்கப்படாத இடத்தில், அடுத்த முறை கதவு திறப்பதில்லை. பின்னர் மக்கள் ஒதுங்கிவிட்டார்கள் என்று நொந்துகொள்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

ஆகவே எமது வேண்டுகோள் இதுவே. கோயிலாயினும் மன்றமாயினும் ஊர்ச்சங்கமாயினும், மக்களிடம் பணம் பெறும் ஒவ்வொரு அமைப்பும் ஆண்டுதோறும் வரவு செலவைப் பகிரங்கப்படுத்த வேண்டும். கொடுப்பவர்கள் தயக்கமின்றிப் பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறவேண்டும். அதன்பின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குச் சென்று அமரவும் வேண்டும்.