நம் கதை சேரியில் தொடங்கவில்லை, படைப்பில் தொடங்குகிறது

கோத்தகிரியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் பிளஸ் டூ முடிக்கும் தலித் கிறித்தவப் பிள்ளைகள் முன்னால் ஒவ்வோர் ஆண்டும் ஒரே கேள்வி வந்து நிற்கிறது. சாதிச் சான்றிதழில் என்ன போடுவது? ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் வேறொன்று என்று வாழும் நண்பர்கள் நம்மில் பலருக்கு உண்டு. உண்மையைச் சொன்னால் உரிமை போகும். மறைத்தால் மனசு குத்தும். இதைச் சட்டத்தின் மொழியில் நிறையப் பேசிவிட்டோம் தோழர்களே. இந்த முறை வேறு பக்கத்திலிருந்து கேட்போம்: நம் வீடுகளில் இருக்கிற வேதப்புத்தகம், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, நம்மை யார் என்று சொல்கிறது?

முதலில் அரசு என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாவது பத்தி மதத்தை வைத்து வேலி போட்டது. 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் வேலி திறந்தது. கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்றுவரை திறக்கவில்லை. அந்தப் பத்தியை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அறிக்கை கொடுத்தது. தமிழக சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமோ, கிறித்தவ நம்பிக்கையில் வாழ்ந்துகொண்டு வேலைக்காக இந்து என்று சொல்வது அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது. நீலகிரி மக்களவைத் தொகுதி 2009 முதல் தனித்தொகுதி. இங்கே ஒரு தலித் கிறித்தவர் வாக்களிக்கலாம், போட்டியிட முடியாது. சலுகைக்காக மதம் மாறினார்கள் என்று நம்மைப் பார்த்துச் சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

திருச்சபை என்ன சொல்கிறது? "கிறிஸ்துவுக்குள் வந்தபின் சாதி ஏது?" கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கல்யாணத் தகவல் பலகையில் சாதி இருக்கிறது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் பிணங்களைப் பிரித்து ஒரு சுவரே எழும்பி நின்றது. சாதி இல்லை என்ற பிரசங்கம் சாதியைப் பற்றிப் பேசுகிறவர் வாயை அடைக்கத்தான் அதிகம் பயன்பட்டிருக்கிறது. காரணம், அந்தப் பிரசங்கம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் வாசிக்கிறது.

நாம் முதல் பக்கத்திலிருந்து வாசிப்போம். பழங்காலத்துப் பேரரசுகளில் கடவுளின் சாயல் என்று அரசனைத்தான் சொன்னார்கள். ஆதியாகமம் அந்தப் பட்டத்தை அரசனிடமிருந்து எடுத்து, ஆணும் பெண்ணுமாக மனிதர் எல்லோருக்கும் கொடுக்கிறது. புருஷ சூக்தத்தில் நான்கு வருணங்களும் வெவ்வேறு உறுப்புகளிலிருந்து வருகின்றன. இங்கே எல்லோருக்கும் ஒரே மண், ஒரே மூச்சு. அப்படியானால் சாதி படைப்பில் இல்லை, வீழ்ச்சியில் இருக்கிறது. பாவம் என்றதும் குடியையும் சினிமாவையும் மட்டும் பட்டியல் போடும் சபைக்கு, சாதியும் பாவம் என்று சொல்ல இந்த ஒரு அத்தியாயம் போதும்.

அடுத்து எகிப்து. செங்கல் சூளையில் முனகிய அடிமைகளின் குரல் கடவுளின் காதில் விழுகிறது. அவர்களின் பிள்ளைகள் முதல் விளைச்சலைக் கூடையில் கொண்டுவந்து வைக்கும்போது அறிக்கையிட வேண்டியதை உபாகமம் 26ஆம் அதிகாரம் சொல்கிறது: எங்கள் தகப்பன் நாடோடி, நாங்கள் ஒடுக்கப்பட்டோம், கூப்பிட்டோம், மீட்கப்பட்டோம், நிலம் பெற்றோம். 1981இல் பெங்களூரில் தலித் இறையியலுக்கு அடித்தளமிட்ட அர்விந்த் நிர்மல், பிறகு இந்தப் பகுதியையே தலித்துகளின் விசுவாச அறிக்கையாக வாசித்தார். அவமானப்பட்ட வரலாறு இங்கே மறைக்க வேண்டியதாக இல்லை. அதைச் சொல்லாமல் காணிக்கையே படைக்க முடியாது.

கோத்தகிரியில் இந்த வாசிப்புக்கு விளக்கவுரை தேவையில்லை. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தால் திரும்பி வந்தார்கள். அவர்களுக்காக 1968இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது, அதுவே இன்றைய டான்டீ. அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். நாடோடித் தகப்பன் யார் என்று நமக்குத் தெரியும். ஆனால் உபாகமத்தின் கூடையில் இருப்பது சொந்த நிலத்தின் விளைச்சல். நம் அம்மாக்களின் கூடையில் இருப்பது அடுத்தவர் தோட்டத்துக் கொழுந்து. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். மீட்பை நிலத்தோடு சேர்த்து எண்ணுகிற புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆத்துமாவை மட்டும் மீட்டால் கணக்கு முடியாது.

பிறகு நாசரேத்து. அந்த ஊரிலிருந்து நல்லது எதுவும் வருமா என்று கேட்கப்பட்ட ஊர்க்காரர் இயேசு. தீண்டத்தகாதவளாகக் கருதப்பட்ட சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கேட்டவர். இரட்டைக் குவளையைப் பார்த்த நமக்கு அந்தக் காட்சியின் கனம் புரியும். ஊருக்கு வெளியே கொல்லப்பட்டவர். உயிர்த்தபின்பும் அவர் உடலில் காயங்கள் இருந்தன. தோமாவிடம் அவற்றைக் காட்டித்தான் தன்னை அடையாளம் சொன்னார். கிறித்தவர் ஆனபின் தலித் என்ற பெயர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் நம் பதில்: உயிர்ப்பு தழும்பை அழிக்கவில்லை. தலித் என்பது நமக்கு அவமானப் பெயராக இல்லை. அது தழும்பைக் காட்டிப் பேசும் பெயர்.

அம்பேத்கர் பௌத்தத்துக்கு அல்லவா போனார் என்று தோழர்கள் கேட்பது நியாயம். இதே நீலகிரியில் வாழ்ந்து, 1891இல் இங்கே மாநாடு கூட்டிய அயோத்திதாசப் பண்டிதரும் 1898இல் பௌத்தம் தழுவினார். அவர் தேடியது, நம்மீது சுமத்தப்பட்ட இழிவுக்கு முந்தைய ஒரு கதையை. நாமும் அதைத்தான் தேடுகிறோம். வழி வேறாக இருக்கலாம், இழிவை நம் தொடக்கமாக ஏற்க மாட்டோம் என்பதில் நாம் ஒன்று.

ஆகவே மூன்று வேலைகள். இளைஞர் கூட்டங்களில் ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தின விசேஷம் வரை, வாசல் அடைக்கப்படாத அந்தக் கடைசி நகரம் வரை, சாதியைக் கேள்வியாக வைத்து வாசிப்போம். கல்லறை, பள்ளி வேலை, குருத்துவம், நிர்வாகக் குழு ஒவ்வொன்றிலும் யாருக்கு எத்தனை இடம் என்று திருச்சபையிடம் கணக்குக் கேட்போம். மூன்றாவது பத்தியை நீக்கும் போராட்டத்தில் நிற்போம். பிழைப்புக்காகப் பெயரை மறைத்திருக்கும் பிள்ளையை யாரும் குற்றவாளியாக்க வேண்டாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று அந்தப் பிள்ளையை நெருக்கும் ஆணைதான் மாற வேண்டும்.