தீவனப் பயிருக்கும் தவணை உண்டு

கறவை மாடு வாங்கக் கடன் கோரும்போது மாட்டின் விலை, பால் விலை, மாதத் தவணை ஆகியவற்றைக் கணக்கிடுகிறோம். அந்த மாடு உண்ணப்போகும் பசுந்தீவனத்தை எவ்வாறு விளைவிப்பது என்பது அக்கணக்கில் அரிதாகவே இடம்பெறுகிறது. ஆனால் பால் உற்பத்திச் செலவில் பெரும்பங்கு தீவனத்திற்கே செல்கிறது.

பஞ்சாப், ஹரியானா தொடங்கித் தமிழ்நாடு வரை கோடையிலும் மழைப்பருவத்திலும் பயிராகும் தீவனச் சோளம், கம்பு, மக்காச்சோளம் ஆகியவை தழைச்சத்தால் விரைந்து வளர்பவை. அச்சத்து விளைச்சலைப் பெருக்குவதோடு தீவனத்தின் புரதத்தையும் கூட்டும். மானிய விலையில் யூரியா மலிவாகக் கிடைப்பதால், முழு அளவையும் விதைப்பின்போதே இட்டுவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. அது சிக்கனமன்று என்பதே என் கருத்து.

45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் ஏறத்தாழ 21 கிலோ தழைச்சத்து உள்ளது. முளைத்துச் சில நாள்களே ஆன பயிரின் சிறு வேர்களால் அவ்வளவையும் உறிஞ்ச இயலாது. மண்ணின் மேற்பரப்பில் கிடக்கும் யூரியாவின் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் கலக்கிறது. மற்றொரு பகுதி நைட்ரேட்டாக மாறிப் பாசன நீருடன் வேருக்குக் கீழே இறங்கிவிடுகிறது.

பணத்தைவிடப் பெரிய இழப்பும் உண்டு. மிகுதியாக உரமிட்ட பயிர் வறட்சியில் வாடினால், தண்டின் அடிப்பகுதியில் நைட்ரேட் தேங்கும். சோளத்தின் இளம்பயிரிலும் மறுதாம்புத் துளிரிலும் ஹைட்ரோசயனிக் அமிலம் உண்டாகும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். உலர்த்தினால் அமிலத்தின் நஞ்சு குறையும்; நைட்ரேட் குறையாது. கடனில் வாங்கிய ஒரு மாடு இறந்துபோனால், எத்தனை மூட்டை யூரியாவின் விலையும் அந்த இழப்பை ஈடுசெய்யாது.

எனவே தழைச்சத்தையும் தவணையாகவே கொடுக்கவேண்டும். ஒருமுறை அறுக்கும் பயிருக்குப் பாதியை அடியுரமாகவும், மீதியை ஏறத்தாழ 30ஆம் நாளில் மேலுரமாகவும் இடலாம். பலமுறை அறுக்கும் சோளத்திற்கு ஒவ்வோர் அறுவடைக்குப் பின்னும் ஒரு பங்கு இட்டு நீர் பாய்ச்சவேண்டும். நீர் இல்லாதபோது மேலுரத்தைத் தள்ளிவைப்பதே நன்று. வாடிய சோளத்தையும், வறட்சிக்குப் பின் மழை பெய்தவுடன் தழைக்கும் துளிரையும் மாட்டுக்குக் கொடுக்கலாகாது. மண் பரிசோதனை முடிவையும், இட்ட தொழுவுரத்தையும் கருதி மொத்த அளவைக் குறைக்கலாம். தட்டைப்பயறு போன்ற பயறுவகையை ஊடுபயிராக்கினால் தீவனத்தின் புரதமும் உயரும்.

ஒவ்வொரு முறையும் உரமிடக் கூலி ஆகுமே என்பது நியாயமான மறுப்பே. ஆயினும் அறுவடைக்குப் பின் எப்படியும் நீர் பாய்ச்சவேண்டியுள்ளது. அந்த வேலையோடு உரமிடுவதைச் சேர்த்துக்கொண்டால் கூடுதல் கூலி சிறிதே.

வங்கிக் கடனும் இதற்கு இசைந்ததே. 2018-19 நிதிநிலை அறிக்கையின் அறிவிப்பைத் தொடர்ந்து, கிசான் கடன் அட்டையின் நடைமுறை மூலதனம் கால்நடை வளர்ப்போருக்கும் கிடைக்கிறது. எடுத்த தொகைக்கு, எடுத்த நாள்களுக்கு மட்டுமே வட்டி என்பது அதன் இயல்பு. ஆண்டுக்குரிய யூரியாவை ஒரே நாளில் வாங்கி அடுக்குவதைவிட, அறுவடைதோறும் தேவையான தொகையை எடுத்து உரம் வாங்கினால் வட்டியும் மிஞ்சும், உரமும் மிஞ்சும்.

மாட்டுக்கடன் விண்ணப்பத்துடன் எளிய தீவனத் திட்டம் ஒன்றையும் இணைப்பது நல்ல வழக்கமாகும். எவ்வளவு நிலம், எத்தனை அறுவடை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு உரம், நீருக்கு என்ன வழி என்ற நான்கு வரிகள் போதும். கடன் கொடுப்போருக்கும் பெறுவோருக்கும் தவணை தவறாமல் கட்டப்படும் என்ற நம்பிக்கையை அந்த நான்கு வரிகளே அளிக்கும்.